தின் கிளையன்ட் முனையங்கள் மின்சாரம் வந்தவுடன் நூலகப் பட்டியலை மட்டும் திறக்க வேண்டும்: எப்படி அமைப்பது?

அலமாரி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி நூலகத்தில் வாசகர்கள் நூல் தேடுவதற்காகப் பத்து தின் கிளையன்ட் (வழங்கியை நம்பி இயங்கும் சிறு கணினி) முனையங்களை வைத்திருக்கிறோம். ஆய்வகத்திலிருந்து கழிக்கப்பட்டு எங்களிடம் வந்தவை. ஒவ்வொன்றிலும் 2 ஜிபி நினைவகமும் 8 ஜிபி ஃபிளாஷ் சேமிப்பும் உள்ளன. நுண்செயலி (சிபியு) 64 பிட் வகையைச் சேர்ந்தது. நூலகப் பட்டியல் கோஹா மென்பொருளில், கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு வழங்கியில் (சர்வர்) இயங்குகிறது.

எங்கள் தேவை ஒன்றுதான். மின்சாரம் வந்ததும் முனையம் தானாக உயிர் பெற்று, கடவுச்சொல் எதுவும் கேட்காமல், கோஹாவின் தேடல் பக்கத்தை முழுத்திரையில் காட்ட வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் வாசகர் கண்ணில் படக்கூடாது. இப்போது டெபியன் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தை நிறுவி, அதன் தானியங்கு தொடக்கப் பட்டியலில் ஃபயர்பாக்ஸைச் சேர்த்திருக்கிறோம். மாணவர் ஒருவர் உலாவியை மூடிவிட்டால் வெறும் மேசைத்தளம் நிற்கிறது. அடுத்து வருபவர் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப் போகிறார். மின்தடைக்குப் பிறகு சில முனையங்கள் பட்டியலுக்குப் பதிலாகப் பிழைப் பக்கத்தைக் காட்டியபடி மாலைவரை கிடக்கின்றன. பத்தில் இரண்டு முனையங்களை, விண்டோஸ் வழங்கியில் உள்ள கணக்கு மென்பொருளுக்கு மட்டும் பயன்படுத்தவும் எண்ணியிருக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முனையர்:

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் சிக்கல்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மேசைத்தளம் ஒன்றைத் தொடங்கி, அதன்மேல் உலாவியையும் தொடங்கச் சொல்லியிருக்கிறீர்கள். உலாவி போனாலும் மேசைத்தளம் இருக்கும், ஏனென்றால் உங்கள் அமைப்பில் அமர்வுக்கு (பயனர் உள்நுழைந்தது முதல் வெளியேறும்வரை நீளும் இயக்கம்) உரிமையாளர் மேசைத்தளம்தான். ஒற்றைச் செயலி (ஆப்) முனையத்தில் செயலியே அமர்வாக இருக்க வேண்டும். அது முடிந்தால் அமர்வு முடிய வேண்டும், அமர்வு முடிந்தால் இயங்குதளம் அதை மீண்டும் தொடங்க வேண்டும். தொடங்கி வைப்பது எளிய வேலை. செயலி விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் நாம் வடிவமைக்க வேண்டும்.

டெபியனில் இதைச் செய்யும் முறை இது. எக்ஸ்எஃப்சிஇயையும் உள்நுழைவுத் திரையையும் நீக்கிவிடுங்கள். முதல் கன்சோலில் (எழுத்து வடிவத் திரை) உள்நுழைவைக் கேட்கும் கெட்டி சேவைக்கு, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு துணைக்கோப்பு எழுதி, அச்சேவை ஓட்டும் ஏகெட்டி நிரலுக்குத் தானியங்கு உள்நுழைவு விருப்பத்தையும் பயனர் பெயரையும் கொடுங்கள். அந்தப் பயனருக்கு நிர்வாக உரிமை எதுவும் இருக்கக்கூடாது. பிறகு அவருடைய உள்நுழைவுக் கோப்பில், முதல் கன்சோலில் நுழைந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட்எக்ஸ் (எக்ஸ் என்னும் வரைகலைத் திரை அமைப்பைத் தொடங்கும் கட்டளை) ஓட வேண்டும் என்று எழுதுங்கள். அந்தக் கட்டளைக்கு முன்னால் 'எக்செக்' என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள். அந்தச் சொல் இருந்தால் கட்டளை உறையின் (ஷெல்) இடத்தையே எக்ஸ் எடுத்துக்கொள்ளும். எக்ஸ் முடிந்தவுடன் உள்நுழைவும் முடிந்து, கெட்டி சேவை மறுபடியும் உயிர்பெற்று உள்ளே நுழையும். அந்தச் சொல் இல்லையென்றால், எக்ஸ் விழுந்த நொடியில் திறந்த கட்டளை வரி ஒன்று வாசகர் முன்னால் நிற்கும். பாதுகாப்பில் இத்தனை பெரிய ஓட்டையை ஒரே சொல் அடைக்கிறது என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எக்ஸ் தொடங்கியதும் ஓடும் கோப்பில் நான்கைந்து வரிகள் போதும். திரைக் காப்பை நிறுத்துங்கள். ஓப்பன்பாக்ஸ் போன்ற எளிய சாளர மேலாளர் ஒன்றைத் தொடங்குங்கள். பிறகு முடிவில்லாச் சுழலுக்குள் ஃபயர்பாக்ஸைக் கியோஸ்க் (பொது இடத்துக்கான முழுத்திரை முறை) விருப்பத்துடன் ஓட்டுங்கள். 2019 டிசம்பரில் வந்த 71ஆம் பதிப்பிலிருந்து அந்த விருப்பம் உள்ளது. யாராவது ஆல்ட், எஃப்4 விசைகளை அழுத்தி மூடினாலும் சுழல் அதை மறுபடி திறந்துவிடும். சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நொடி இடைவெளி விடுங்கள். அதே இடைவெளியை, எக்ஸே தொடங்காமல் விழும் நிலையை எண்ணி, உள்நுழைவுக் கோப்பில் ஸ்டார்ட்எக்ஸுக்கு முன்பும் வையுங்கள். சிஸ்டம்டி இயல்பாகவே, பத்து நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க முயலும் சேவையைக் கைவிட்டுவிடும். இடைவெளி இல்லாவிட்டால் சிறு கோளாறுகூட முனையத்தைக் கறுப்புத் திரையில் நிறுத்திவிடும்.

சாளர மேலாளர் தேவையில்லை என்று சிலர் எழுதுவார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அது இல்லாதபோது உரையாடல் பெட்டிகளுக்கு விசைப்பலகைக் கவனம் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஆனால் ஓப்பன்பாக்ஸின் இயல்பான அமைப்பை அப்படியே விடவும் கூடாது: வெற்றுத் திரையில் வலது சொடுக்கு செய்தால் கட்டளை வரிச் சாளரத்தைத் திறக்கும் பட்டி வரும். அந்தப் பட்டியையும் எல்லா விசைச் சேர்க்கைகளையும் அதன் அமைப்புக் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பழையசாவி:

முனையர் சொல்வது சரியான வழிதான், ஆனால் எல்லா நூலகத்திலும் அதைப் பராமரிக்க ஆள் இருப்பதில்லை. எக்ஸ்எஃப்சிஇயிலேயே பலகத்தை நீக்கி, அமைப்புகளை நிர்வாகி மட்டும் மாற்றும்படி பூட்டலாம். பணியாளர்கள் ஏற்கெனவே பழகிய சூழல் கைவிட்டுப் போகாமல் இருக்கும். இந்தக் கருத்தையும் பரிசீலிக்க வேண்டும்.

முனையர்:

உங்கள் கவலை நியாயமானது. ஆயினும் பூட்ட வேண்டிய கதவுகளின் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். மேசைத்தளத்தில் கோப்பு மேலாளர், அமைப்பு மேலாளர், அறிவிப்புகள், விசைக் குறுக்குவழிகள், யுஎஸ்பி தானாகத் திறப்பது என்று ஒவ்வொன்றையும் தேடித் தேடி மூட வேண்டும்; அடுத்த பதிப்பில் புதிதாக ஒன்று சேர்ந்தால் அது திறந்தே இருக்கும். நான் சொன்ன அமைப்பில் அந்தக் கதவுகளே கிடையா. 2 ஜிபி நினைவகத்தில் மேசைத்தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு உலாவிக்குக் கிடைப்பதும் சிறிய ஆதாயமல்ல. பராமரிக்க வேண்டியவை ஒரு சில சிறு கோப்புகள். அவற்றை அச்சிட்டு நூலகப் பதிவேட்டில் ஒட்டிவைத்தால் அடுத்து வருபவருக்கும் புரியும்.

மூட வேண்டிய மற்றவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்2 அழுத்தி வேறு கன்சோலுக்குத் தாவுவதை எக்ஸ் அமைப்புக் கோப்பில் உள்ள 'டோன்ட் விடி ஸ்விட்ச்' விருப்பம் தடுக்கும். உபரிக் கன்சோல்கள் தோன்றாதபடி, உள்நுழைவுகளை நிர்வகிக்கும் லாகின்டியிலும் எண்ணிக்கையைச் சுழியமாக்குங்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் விசைகளுக்கான சிஸ்டம்டி இலக்கை முடக்குங்கள். பூட் ஆகும்போது வரும் கிரப் பட்டியைத் திருத்துவதற்கும் பயோஸில் நுழைவதற்கும் கடவுச்சொல் வையுங்கள், யுஎஸ்பி வழியே பூட் ஆவதை நிறுத்துங்கள். உலாவிக்குள்ளே, ஃபயர்பாக்ஸின் கொள்கைக் கோப்பில் எல்லா முகவரிகளையும் தடைசெய்துவிட்டுக் கோஹாவின் முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். அதே கோப்பில் உள் அமைப்புப் பக்கத்தையும் நிரலாளர் கருவிகளையும் மூடலாம்.

வலைக்கண்ணி:

மின்தடைக்குப் பிறகு பிழைப் பக்கம் நிற்பதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அதற்குப் பெரும்பாலும் காரணம் உலாவி அல்ல. மின்சாரம் திரும்பும்போது முனையம், ஸ்விட்ச், வழங்கி மூன்றும் ஒரே நேரத்தில் எழுகின்றன. முனையம் விரைவில் எழுந்துவிடும். வழங்கி கோப்பு முறையைச் சரிபார்த்துத் தரவுத்தளத்தைத் தொடங்கிப் பட்டியலைத் தரச் சில நிமிடங்கள் ஆகும். இடையில் திறந்த உலாவி பிழையைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கும், தானாக மறுபடி முயலாது.

ஸ்விட்சிலும் ஒரு தாமதம் உண்டு. நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சுகளில், வலையமைப்பில் சுழற்சி வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை பழைய முறையில் இயங்கினால், ஸ்விட்சின் ஒரு முனை (போர்ட்) உயிர்பெற்றதும் கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி என்று மொத்தம் 30 நொடிகளுக்கு எந்தத் தரவையும் கடத்தாது. அந்த இடைவெளியில் முகவரி கேட்ட முனையத்துக்குப் பதில் வராது. முனையங்கள் செருகப்பட்டுள்ள முனைகளை மட்டும் விளிம்பு முனை என்று அறிவித்துவிட்டால் இந்தக் காத்திருப்பு நீங்கும். வேறொரு ஸ்விட்சுக்குப் போகும் முனையில் இதைச் செய்யவே கூடாது, வலையமைப்பில் சுழற்சி ஏற்பட்டால் வளாகம் முழுதும் நின்றுவிடும்.

ஆகவே முனையர் சொன்ன சுழலுக்குள் இன்னொரு சிறு சுழலை வையுங்கள். கர்ல் கட்டளை கொண்டு கோஹாவின் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். பதில் வரும்வரை ஐந்து நொடிக்கு ஒருமுறை முயலட்டும். வந்த பிறகே உலாவி திறக்கட்டும். காத்திருக்கும் வேளையில் "நூலகப் பட்டியல் தயாராகிறது, சற்றுப் பொறுங்கள்" என்று தமிழில் எழுதிய ஒரு படத்தைத் திரையில் காட்டினால், எதிரே நிற்பவர் முனையம் பழுதென்று எண்ணிப் போகமாட்டார்.

கடிகாரத்தையும் பாருங்கள். பழைய தின் கிளையன்ட்களில் தாய்ப்பலகையின் சிஆர்2032 மின்கலம் பெரும்பாலும் உயிரிழந்திருக்கும். மின்சாரம் போய்வந்தால் நாள் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். உங்கள் கோஹா எச்டிடிபிஎஸ் முகவரியில் இருந்தால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று உலாவி மறுத்துவிடும். மின்கலத்தை மாற்றுவதற்கு அதிகச் செலவு ஆகாது. அதோடு, நேர ஒத்திசைவு முடிந்த பிறகே வரைகலை அமர்வு தொடங்குமாறு சிஸ்டம்டியில் வரிசையையும் அமையுங்கள்.

அலமாரி:

முனையர் அவர்களும் வலைக்கண்ணி அவர்களும் சொன்னவாறு ஒரு முனையத்தை அமைத்துப் பார்த்தேன். மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தாலும், உலாவியை மூடினாலும், திரும்பத் திரும்பத் தேடல் பக்கமே வருகிறது. மிக்க நன்றி. ஆனால் புதிதாக ஒரு குறை எழுந்துள்ளது. முன்பு எக்ஸ்எஃப்சிஇயில் வேலை செய்த தமிழ்த் தட்டச்சு இப்போது வேலை செய்யவில்லை. எங்கள் நூல்களில் பெரும்பகுதி தமிழ் நூல்கள். தலைப்பைத் தமிழில் தட்ட முடியாத முனையத்தை வாசகர் முன் வைக்க எனக்கு மனமில்லை.

தமிழ்விசை:

ஐயா, இது மிக முக்கியமான கேள்வி. ஒற்றைச் செயலி முனையம் பற்றிய ஆங்கில வழிகாட்டிகளில் இதற்கு இடமே இருப்பதில்லை. உங்கள் தமிழ்த் தட்டச்சை இதுவரை தொடங்கிவைத்தது மேசைத்தள அமர்வு. அதை நீக்கியவுடன், தட்டச்சு முறைகளை நிர்வகிக்கும் ஐபஸ் சேவையைத் தொடங்க ஆள் இல்லாமற் போனது.

டெபியனில் ஒரு நுணுக்கம் உண்டு. பயனரின் இல்லக் கோப்புறையில் எக்ஸ்இனிட்ஆர்சி என்ற கோப்பு இருந்தால், ஸ்டார்ட்எக்ஸ் அதை மட்டும் ஓட்டிவிட்டு, அமைப்பளவிலான அமர்வுக் கோப்புகளைத் தொடாமல் விட்டுவிடும். உள்ளீட்டு முறைக்கான சூழல் மாறிகளை நிறுவும் கோப்பும் அவற்றுள் ஒன்று. அந்தக் கோப்பின் பெயரை எக்ஸ்செஷன் என்று மாற்றிவிட்டால், டெபியனின் பொது அமர்வுக் கோப்புகள் முதலில் ஓடி, பிறகு உங்கள் கோப்பு ஓடும். அப்படியும் வரவில்லையென்றால், உலாவியைத் திறக்கும் வரிக்கு முன்னால் ஐபஸ் சேவையை நீங்களே தொடங்கி, ஜிடிகே உள்ளீட்டு மாறிக்கும் எக்ஸ் மாற்றி மாறிக்கும் ஐபஸ் என்ற மதிப்பைக் கொடுங்கள். வரிசை முக்கியம்: உலாவி திறந்த பிறகு மாறிகளை நிறுவினால் பயனில்லை.

எக்ஸின் விசைப்பலகைப் பகுதியான எக்ஸ்கேபியில் தமிழ்நெட் 99 அமைப்பு இருக்கிறதே, ஐபஸ் எதற்கு என்று கேட்கலாம். எக்ஸ்கேபி ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே மாற்றித் தரும். தமிழ்99இல் மெய்க்குப் பின் உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்க வேண்டும், ஒரே மெய்யை இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழ வேண்டும். முன் தட்டிய எழுத்தைப் பார்த்து முடிவு செய்யும் இந்த வேலைக்கு எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டு நிரல் தொகுப்பின் தமிழ்99 முறையே பொருந்தும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை என்பதால், பயிற்சி பெற்ற பணியாளர்கள் அதை எதிர்பார்ப்பார்கள். மாணவர்களோ கைப்பேசியில் ஒலிபெயர்ப்பு முறைக்குப் பழகியவர்கள். ஆகையால் ஆங்கிலம், தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்று மூன்றையும் ஐபஸ் பட்டியலில் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள்.

பலகம் இல்லாத திரையில் இப்போது எந்த மொழி என்று காட்டும் சின்னம் தெரியாது. எந்த விசையால் மொழியை மாற்றுவது என்பதைக் கோஹாவின் முகப்புப் பக்கத்திலேயே தேடல் பெட்டிக்கு அருகில் எழுதுங்கள். திரையின் சட்டத்திலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். தேடத் தெரியாதவர் என்று நாம் எண்ணும் பலர், உண்மையில் தட்ட வழியறியாது நின்றவர்களே.

கணக்கறை:

விண்டோஸ் வழங்கியின் மென்பொருளைத் திறக்கப்போகும் அந்த இரண்டு முனையங்களைப் பற்றி எழுதுகிறேன். அடித்தளம் அதேதான், சுழலுக்குள் ஃபயர்பாக்ஸின் இடத்தில், தொலைவிலுள்ள விண்டோஸ் திரையைக் காட்டும் எக்ஸ்ஃப்ரீஆர்டிபி வர வேண்டும். வழங்கிப் பக்கத்தில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, விண்டோஸ் சர்வர் 2008இல் அறிமுகமான ரிமோட்ஆப். இதில் செயலியின் சாளரம் மட்டும் முனையத்துக்கு வரும். மற்றொன்று, இணைப்பு ஏற்பட்டதும் இந்த நிரலைத் தொடங்கு என்று குழுக் கொள்கையில் குறிப்பது. இதில் விண்டோஸின் மேசைத்தளமான எக்ஸ்புளோரர் தொடங்காமல் அந்த நிரல் மட்டும் ஓடும், அதை மூடியதும் அமர்வு முடியும். முனையர் சொன்ன கருத்து வழங்கியிலும் அப்படியே பொருந்துவதால், நான் இரண்டாவதையே விரும்புகிறேன். பல சாளரங்களை முனையத்தின் சொந்தச் செயலிகளோடு கலந்து காட்ட வேண்டிய இடத்தில்தான் ரிமோட்ஆப் பயன் தரும். முழுத்திரையில் ஒரே செயலி ஓடும் முனையத்தில் அதனால் கிடைக்கும் ஆதாயம் குறைவு.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, துண்டிக்கப்பட்ட அமர்வு வழங்கியில் உயிரோடு இருக்கும். இரண்டு முனையங்களும் ஒரே பயனர் பெயரைப் பகிர்ந்தால், ஒருவர் பாதியில் விட்ட பற்றுச்சீட்டு மற்றவர் திரையில் திறக்கலாம். முனையத்துக்கு ஒரு பயனர் என்று பிரித்து, துண்டித்த அமர்வுகளுக்குக் கால எல்லை வையுங்கள். இரண்டாவது, செயலியின் 'கோப்பைத் திற' பெட்டி வழியாக வழங்கியின் வட்டு முழுவதையும் பார்க்க முடியும். கோப்பு உரிமைகளைக் கொண்டே அதைத் தடுக்க வேண்டும், முனையத்தின் பூட்டு அங்கே எட்டாது. மூன்றாவது உரிமம். ரிமோட் டெஸ்க்டாப் சேவைக்கான அணுகல் உரிமங்கள் இல்லாமல் 120 நாள் சலுகைக் காலம் மட்டுமே ஓடும். சாதாரண விண்டோஸ் கணினியை வழங்கிபோல வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினால், அது ஒரு நேரத்தில் ஒரு பயனருக்கு மேல் திரை தராது.

பழையசாவி:

தின் கிளையன்ட்டுடன் உட்பொதித்த விண்டோஸ் வந்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பதையும் குறிப்பிடலாம். விண்டோஸ் 10இன் என்டர்பிரைஸ், ஐஓடி என்டர்பிரைஸ் பதிப்புகளில் ஷெல் லாஞ்சர் உள்ளது. எக்ஸ்புளோரருக்குப் பதிலாக உங்கள் செயலியையே அது தொடங்கும். செயலி முடிந்தால் மறுபடி தொடங்கு, கருவியை மறுபடி தொடங்கு, அணைத்துவிடு என்று விரும்பிய செயலையும் குறிக்கலாம். வட்டில் எழுதுவதைத் தடுக்கும் வடிகட்டியும் உடன் உண்டு.

அலமாரி:

எங்களுடையவற்றில் விண்டோஸ் உரிமம் இல்லை, ஆகவே டெபியனிலேயே தொடர்கிறேன். பத்து முனையங்களையும் ஒவ்வொன்றாக நிறுவுவதைவிட எல்டிஎஸ்பி (லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட்) வழியாக வலையமைப்பிலிருந்து பூட் செய்யலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது நல்லதா?

முனையர்:

1999இல் ஜிம் மெக்குயிலன் தொடங்கிய எல்டிஎஸ்பி 2019இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. பழைய பதிப்புக்கான குறிப்புகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன; அவற்றின் கோப்பு இடங்களும் விருப்பங்களும் புதியதில் செல்லா. புதியதில் செயலி முனையத்திலேயே ஓடும், வட்டுப் படிமம் மட்டும் வழங்கியிலிருந்து வரும். அதன் அமைப்புக் கோப்பில் தானியங்கு உள்நுழைவைக் குறித்துவிட்டு, மாற்றம் செய்யும் ஒவ்வொரு தடவையும் பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்பை உருவாக்கும் அதன் இனிட்ஆர்டி கட்டளையை ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் முனையங்களுக்குப் பழைய அமைப்பே போகும்.

பத்து முனையங்களுக்கு இது தேவையா என்பது வழங்கியையும் ஸ்விட்சையும் பொறுத்தது. அவற்றுக்கு யுபிஎஸ் இருந்தால் எல்டிஎஸ்பி மிக வசதி. ஒரு படிமத்தைத் திருத்தினால் பத்தும் திருந்தும். இல்லையென்றால், உங்கள் 8 ஜிபி ஃபிளாஷில் ஒரு முனையத்தை முழுமையாக அமைத்து, அதைப் படிமமாக்கி மற்ற ஒன்பதிலும் எழுதுங்கள். எழுதிய பின் ஒவ்வொன்றிலும் கணினிப் பெயரையும் இயந்திர அடையாளக் கோப்பையும் மாற்ற வேண்டும். அடையாளம் ஒன்றாகவே இருந்தால் சில அமைப்புகளில் எல்லா முனையங்களும் ஒரே வலை முகவரியைக் கேட்டு மோதும்.

வலைக்கண்ணி:

வாசகர் தம் கணக்கில் நுழைந்துவிட்டு வெளியேற மறந்தால் என்ன ஆகும் என்பதை முடிவு செய்துவிட்டீர்களா? அடுத்து அமர்பவர் அவர் எடுத்த நூல்களையும் தொலைபேசி எண்ணையும் பார்க்க முடியும். மாணவர் எதைப் படிக்கிறார் என்பது அவருடைய தனிப்பட்ட விஷயம். அதை நூலகம் காக்க வேண்டும். உலாவியின் சுயவிவரக் கோப்புறையை நினைவகத்தில் உள்ள தற்காலிகக் கோப்புறைக்கு ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நகலெடுங்கள்; உலாவி முடிந்ததும் அழித்துவிடுங்கள். எக்ஸ்பிரின்ட்ஐடில் என்ற சிறு கருவி, விசையோ சுட்டியோ தொடப்படாத நேரத்தைச் சொல்லும். மூன்று நிமிடம் கடந்து யாரும் தொடவில்லையென்றால் உலாவியை முடித்துவிடுமாறு எழுதினால், சுழல் வெறுமையான புதிய பக்கத்தைத் திறக்கும். தேடும் முனையங்களில் உள்நுழைவே வேண்டாம் என்றால், கோஹாவின் அமைப்பில் அதை நிறுத்தவும் செய்யலாம், ஆனால் வீட்டிலிருந்து நுழைபவர்களுக்கும் அது நின்றுவிடும்.

அலமாரி:

மூன்று நிமிட ஏற்பாட்டைச் செய்துவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி. மின்தடையில் ஃபிளாஷ் கெடாமல் இருக்கக் கோப்பு முறையைப் படிக்க மட்டும் திறக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை எப்படி நிறுவுவது?

முனையர்:

ஓவர்லேரூட் தொகுப்பை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் தற்காலிக நினைவகத்தைக் குறியுங்கள். அதன்பின் எழுதப்படும் எல்லாம் நினைவகத்தில் மட்டும் தங்கும், மின்சாரம் போனால் மறைந்துவிடும். ஃபிளாஷில் இருக்கும் அமைப்பு எப்போதும் நீங்கள் விட்ட நிலையிலேயே இருக்கும். 2 ஜிபி நினைவகத்தில் இடம் நிறைந்துவிடாதிருக்க, அமைப்புப் பதிவேடுகளுக்கு (லாக்) அளவு எல்லை வையுங்கள். இப்படி எழுத முடியாதபடி பூட்டும் முன்பு, தமிழ்விசை சொன்ன ஐபஸ் பட்டியல் நிலையாகப் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். பூட்டிய பின் செய்யும் எந்த மாற்றமும் நிலைக்காது.

புதுப்பிப்புக்கு ஓவர்லேரூட்டின் சிறப்புக் கட்டளை ஒன்று உண்டு; அது அடியில் இருக்கும் உண்மையான கோப்பு முறையை எழுதத்தக்கதாகத் திறந்து, உங்களை அதற்குள் நுழைக்கும். நூலக விடுமுறை நாளில் எஸ்எஸ்எச் வழியாக ஒரு முனையத்தில் மட்டும் நுழைந்து புதுப்பியுங்கள். மறுதொடக்கம் செய்து, பட்டியல் திறக்கிறதா, தமிழ் வருகிறதா, மூடினால் மீள்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மற்ற ஒன்பதுக்கும் அதே கட்டளைகளைக் கொடுக்கலாம். கரு (இயங்குதளத்தின் கெர்னல்) மாறியிருந்தால், ஓவர்லேரூட் சேர்ந்த இனிட்ஆர்டி கோப்பு புதிய கருவுக்கும் உருவாகியிருக்கிறதா என்று மறுதொடக்கத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உருவாகாவிட்டாலும் முனையம் வழக்கம்போலவே திறந்து பட்டியலைக் காட்டும், ஆனால் பூட்டு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்; அடுத்த மின்தடைவரை அது யாருக்கும் தெரியாது.